ஜட்கா வானத்துக்கு மேலே ஓடிய காலைகள்

எக்ஸ்ரேயைப் பார்த்த டாக்டர், "இது டி.பி. இல்லை. மூச்சுக்குழாய் விரிஞ்சுபோச்சு, இனி சுருங்காதும்மா. அதுல தேங்குற சளியைத் தினமும் வடிக்கணும்" என்றார். என் டம்ளரை ஒதுக்கி வைத்திருந்த ஓரகத்தியிடம் அதை இரண்டு முறை உரக்கச் சொன்னேன்.

அன்றிலிருந்து, டாக்டர் சொன்னபடி, காலையில் தலையைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டுக் குப்புறப் படுப்பேன். நாலு பேர் எதிரில் என் பக்கத்தில் உட்காரவே கூச்சப்படுகிற கணவர், உள்ளங்கையைக் குவித்து என் முதுகில் தட்டுவார். கட்டிலுக்கு அடியால் பார்த்தால், திறந்த கதவு வழியே மைசூர் தலைகீழாக மிதக்கும். வாசல் மரத்தின் ஊதாப் பூக்கள் மேல்நோக்கி உதிரும். குதிரை பூட்டிய ஜட்கா வானத்துக்கு மேலே ஓடும்.

சளி வடிந்து நெஞ்சு லேசாகிவிடும்.

"போதுமா?" என்பார்.

"இன்னும் கொஞ்சம் தட்டுங்க" என்பேன்.