கொடிக்காரியின் கதவு எண்

"என்னைக் குருடின்னு சொல்ல அவனுக்கு உரிமை இருக்கு, அண்ணி! அதைப் பிடுங்க நீங்க யாரு?"

என் நாத்தனார் இப்படிப் பாய்ந்தபோது என் கையில் ஃபோன் இருந்தது. ஒருத்தன் அவளை அசிங்கமாகத் திட்டி முடித்திருந்தான், நான் அவனை அதைவிட அசிங்கமாகத் திட்ட ஆரம்பித்திருந்தேன். போலீஸில் சொல்லி அத்தனை பேர் வாயையும் தைக்கச் சொல்கிறேன் என்று கத்தினேன். அதற்குத்தான் இந்தப் பாய்ச்சல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வீட்டுக்கு ஃபோன் பண்ணித் திட்டறது உரிமையாடி?"

"அது வேற. அவன் எழுதினது உரிமை. கதவு நம்பரைப் போட்டதும் ஃபோன் பண்றதும் அக்கிரமம். ரெண்டையும் ஒரே வாளியில ஊற வைக்காதீங்க."

அவளுக்கு எல்லாமே வாளியும் துணியும்தான். சலவைக் கடையில் வேலை. என் புருஷனின் கடைசித் தங்கை. நான் இந்த வீட்டுக்கு வந்தபோது மூக்கொழுகிக்கொண்டு நின்றவள். அவர் போனபிறகு வீட்டில் நானும் இவளும்தான். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் "நேரமில்ல" என்று ஒரே பதில். அழகி என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கால் இரண்டும் குதிரைக் கால்.

கடையின் பின்பக்கம் இயந்திரங்கள், மொட்டைமாடியில் வரிசை வரிசையாகத் துணி காயும் கொடி. ஊர்க் கால்பந்து அணிகளின் சட்டைகளும் அங்கேதான் வரும். ஒருநாள் துவைத்த சட்டைகளைக் கொடுக்க மைதானத்துக்குப் போனாள். கோட்டோரம் கொடி பிடிக்க வேண்டியவன் வரவில்லை. "சும்மா கொஞ்சம் நில்லுங்கக்கா" என்று இவள் கையில் கொடியைத் திணித்தார்கள். சும்மா நிற்கிற ஜென்மமா இவள்? அன்றைக்கு ஓட ஆரம்பித்தவள்தான். அப்புறம் நடுவர் பரீட்சை எழுதித் தேறினாள். வாரமெல்லாம் கொடியில் துணி, ஞாயிற்றுக்கிழமை கையில் கொடி என்று நான்தான் கேலி பண்ணுவேன். கொடிக்காரி என்று பெயர் வைத்ததும் நான்தான். இன்று தெருவே அப்படித்தான் கூப்பிடுகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். சந்தை அணிக்கும் ஆலை அணிக்கும் பெரிய ஆட்டம். கடைசி நேரத்தில் சந்தைக்காரர்கள் ஒரு கோல் போட்டார்கள். இவள் கொடியைத் தூக்கிவிட்டாள். கூட்டாளி பந்தை உதைக்கும்போதே கோல் போட்டவன், கோல்கீப்பரை விட்டால் எதிரணியில் கடைசியாக நின்ற ஆளைத் தாண்டி நின்றுவிட்டானாம், அதனால் கோல் செல்லாதாம். சந்தை அணி தோற்றது.

அந்த அணி ரசிகர்களுக்கு இணையத்தில் ஒரு பக்கம் உண்டு. அதில் அன்று மாலையே ஒருவன் இவள் படம், கடை பெயர், வீட்டுக் கதவு எண், ஃபோன் எண் எல்லாவற்றையும் போட்டு, "போய் விசாரிங்க" என்று எழுதிவிட்டான். அந்த ஃபோன் எண் என்னுடையது! கடையில் எப்போதும் கை ஈரமென்று எல்லாரிடமும் என் எண்ணைத்தான் கொடுத்து வைத்திருந்தாள். ஆக, அவளை அழ வைக்கக் கிளம்பியவன்களெல்லாம் என்னிடம் வந்து மாட்டினான்கள்.

"நீதான் அந்தக் குருட்டுக் கழுதையா?"

"நான் அவ அண்ணி. கழுதை வேலைக்குப் போயிருக்கு. உனக்கு வேலை இல்லையோ? உங்கம்மாகிட்ட ஃபோனைக் குடு."

"எ... எதுக்கு?"

"நீ பேசினதை வரிக்கு வரி சொல்றேன். பெத்த வயிறு குளிரட்டும்."

வைத்துவிட்டான். இன்னொருத்தன் "சாரி பாட்டி" என்றான். பாட்டி என்றதற்குத் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டான். உண்மையைச் சொன்னால் எனக்கு அது கொஞ்சம் பிடித்தே இருந்தது. ஆனால் நாங்கள் கேட்காத சாப்பாட்டுப் பொட்டலங்கள் வாசலுக்கு வந்தன. கடைக்கு எதிரே முகம் தெரியாத இரண்டு பேர் வண்டியில் உட்கார்ந்துகொண்டு இவளையே பார்த்தார்கள். அப்போது சிரிப்பு போய்விட்டது.

நடுவர் சங்கத்துச் செயலாளர் ஃபோன் செய்தார். என் ஃபோன்தானே, நானும் கேட்டேன்.

"கொஞ்ச நாள் ஒதுங்கி இரும்மா. அந்த முகவரி அங்க இருக்கிற வரைக்கும் உன்னை மைதானத்துல இறக்க மாட்டேன். அந்தப் பக்கத்தையே இழுத்து மூட வெச்சிடறேன். நடுவருங்களப் பத்தி எவனும் வாய் திறக்கக் கூடாதுன்னு விதி போட்டுடறேன்."

"விதியெல்லாம் வேணாம் சார். வாயை மூடிக்கிட்டு இருக்கிற ஜனத்துக்கு முன்னாடி நான் எதுக்கு ஓடணும்? முகவரியை நான் எடுக்க வைக்கிறேன். ஞாயித்துக்கிழமை வருவேன்."

ஒதுங்கி இரு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். ஒருமுறை ஒதுங்கினவளை யாரும் திரும்பக் கூப்பிட மாட்டார்கள். அவளுக்கும் தெரியும். அன்று இஸ்திரி போடும்போது ஒரு காலரைத் தீய்த்துவிட்டாள். அதுவரை தீய்த்ததே இல்லை.

அந்தப் பக்கத்தை நடத்துவது கடைத்தெருவில் முடிவெட்டுகிற தம்பி. மறுநாள் இருவரும் போனோம். எங்களைப் பார்த்ததும் அவன் கையிலிருந்த சீப்பு கீழே விழுந்தது.

"அக்கா, சத்தியமா நான் போடலை. இவ்வளவு தூரம் போகும்னு தெரியாது. மொத்தத்தையும் அழிச்சிடறேன், இப்பவே அழிச்சிடறேன்."

"அழிடா, மகராசனா இருப்ப" என்றேன்.

"அழிக்காதே" என்றாள் இவள். காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். "ஒண்ணொண்ணாப் படி. துணி பிரிக்கிற மாதிரி பிரிச்சிடலாம். அழுக்கெல்லாம் ஒரு பக்கம், அது இருக்கட்டும். சாயம் போறது மட்டும் தனியா எடு. மத்த துணியையும் கெடுக்கிறது அதுதான்."

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அவன் வாய்விட்டுப் படித்தது எனக்கும் சேர்த்துத்தான்.

"இவளுக்குக் கோழிக் கண்ணு."

"இருக்கட்டும்."

"வீட்டுல பாத்திரம் தேய்க்க வேண்டியவளை மைதானத்துல விட்டா இப்படித்தான்."

"இருக்கட்டும். எழுதினவன் மூஞ்சி ஊருக்குத் தெரியட்டும்."

"இந்தம்மா... காசு வாங்கிட்டா."

"அது பொய். அதுக்குக் கீழ 'ஆதாரம் எங்கே'ன்னு நான் கேக்கறேன். இருக்கட்டும்."

"இவ வீட்டுக்..." தம்பி நிறுத்தினான். எங்களை ஒருதரம் பார்த்துவிட்டுப் படித்தான். "இவ வீட்டுக் கொல்லைக் கதவுத் தாழ்ப்பாள் ஒரு உதைக்குத் தாங்காது."

அவள் கண்ணாடியில் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "அதைப் படம் எடுத்து அண்ணி ஃபோனுக்கு அனுப்பு. அப்புறம் அழி" என்றாள். முகவரி போட்டதையும் அப்படியே படம் எடுக்க வைத்து, அழிக்கச் சொன்னாள்.

அடுத்தது: "அறிவுகெட்ட முண்டமே, கீழே விழுந்து கிடக்கிறவன் காலைப் பாருடி."

"முண்டமாம்! அழிடா அதை" என்று நான் எழுந்தேவிட்டேன்.

"இருங்க அண்ணி. கால்னு சொல்றானே."

பந்தை உதைத்த நொடியில் எடுத்த படம் ஒன்றையும் அவன் போட்டிருந்தான். ஃபோனை வாங்கி மூக்கருகே வைத்துக்கொண்டாள். மைதானத்தின் அந்தக் கோடியில் ஆலை அணிக்காரன் ஒருத்தன் விழுந்து கிடக்கிறான். அவன் கால் கோல் பக்கமாக நீண்டிருக்கிறது. கோல் போட்டவன் அந்தக் காலைத் தாண்டவில்லை.

"கோல் சரிதான்" என்றாள் மெதுவாக. "நான் அந்தப் பக்கம் பார்க்கவே இல்ல. தப்பாத் தூக்கிட்டேன்."

"சும்மா இருடி! இதை வேற வெளியில சொல்லாதே."

"சொல்லாம? முண்டம்னு எழுதினவன்தானே உண்மையைச் சொல்லியிருக்கான். வாயை மூட வெச்சிருந்தா எனக்கு இது தெரிஞ்சிருக்குமா?"

அங்கேயே உட்கார்ந்து, சலவை செய்து தடித்துப்போன விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். கோல் செல்லும், தப்பு என்னுடையது, திட்டுகிறவர்கள் திட்டலாம், வீட்டுக்கு வருகிறவனை மட்டும் விடமாட்டேன். அவ்வளவுதான் எழுதினாள்.

அங்கிருந்து நேராகப் போலீஸ் ஸ்டேஷன். அவர்கள் தேடிப் பிடித்துக் கொண்டுவந்ததும் பார்த்தால், முகவரியைப் போட்டவன் கடை வாடிக்கைக்காரன்! ஒருமுறை அவசரமாகச் சட்டை வேண்டுமென்றானென்று வீட்டுக்கு எடுத்துவந்து இஸ்திரி போட்டு, வாசலில் வைத்துக் கொடுத்திருக்கிறாள். அந்த வழியில் கதவு எண், அந்த வழியில் என் ஃபோன் எண். தாழ்ப்பாளைப் பற்றி எழுதியது அவன் கூட்டாளி. ஸ்டேஷனில் இருவரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்கள்.

"மன்னிப்புக் கேக்கறாங்களே, கேஸ் வேணுமா?" என்று இன்ஸ்பெக்டரம்மா கேட்டாள்.

"வேணும் மேடம். திட்டினதுக்கு இல்ல. கதவுக்கு."

அதற்குப் பிறகு ஃபோன் ஓய்ந்தது. கடைக்கு எதிரே வண்டி நிற்கவில்லை. அவள் எழுதியதற்குக் கீழே பாதிப் பேர் "ஒத்துக்கிட்டாளே, பரவாயில்ல" என்றார்களாம், மீதிப் பேர் "அப்பவே சொன்னோமே" என்றார்களாம். செயலாளருக்குச் சொல்ல ஒரு சாக்கும் மிச்சமில்லை. ஞாயிற்றுக்கிழமை இறக்கினார்.

இத்தனை வருஷத்தில் நான் மைதானத்தில் காலெடுத்து வைத்தது அன்றுதான். தெரியாமல் சந்தை அணிக்காரர்கள் நடுவில் போய் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்திலிருந்தவர், "நீங்க எந்த அணிம்மா?" என்றார்.

"கொடி" என்றேன்.

சிரித்துவிட்டு நகர்ந்து இடம் கொடுத்தார். கொடிக்காரி கோட்டோரம் ஓடிக்கொண்டிருந்தாள், அரைக்கால் சட்டையும் அந்தக் குதிரைக் காலுமாக. ஒருதரம் நின்று கொடியைத் தூக்கினாள். சுற்றி இருந்த கூட்டம் முழுக்க எழுந்து கத்தியது. எனக்கு என்ன வந்ததோ, நானும் எழுந்தேன்.

"எறக்குடி அதை! அந்தக் கோடியைப் பார்த்தியாடி?"

குரல் கேட்டிருக்க வேண்டும். திரும்பவில்லை, கொடியை இறக்கவும் இல்லை. தோள் மட்டும் குலுங்கியது. சிரிக்கிறாள்.

டிக்கெட் அவள்தான் வாங்கித் தந்திருந்தாள். விலை நாற்பது ரூபாய், திட்டுகிற உரிமையும் சேர்த்து.