ஒரு தாடைக்குப் பத்துப் புள்ளி

சமூகப் பணிப் படிப்பை இரண்டு வருடத்தில் பாதியில் விட்டுவிட்டுக் குற்றவியல் நீதிப் படிப்புக்கு மாறினேன். பழைய படிப்பில் எடுத்த கிரெடிட் புள்ளிகளைப் புதிய படிப்பில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி பல்கலைக்கழகத்துக்கு ஓர் அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், கொடுக்க வேண்டும். அதில் பத்துப் புள்ளி என் பயிற்சி அறிக்கை ஒன்றை நம்பித் தொங்கிக்கொண்டிருந்தது. 'விசாரணையும் நேர்காணலும்' என்ற பாடத்துக்கு அது ஈடாகும் என்று ஒத்துக்கொண்டால் நேரே மூன்றாம் செமஸ்டர். இல்லையென்றால் பள்ளிக்கூடம் முடித்து வந்த பிள்ளைகளோடு முதல் செமஸ்டர். எனக்கு அப்போது இருபத்தேழு வயது.

அறிக்கையை அச்சடிக்கும்போது இயந்திரம் தாளைக் கடித்துக்கொண்டு நின்றது. விட்டேன் ஓர் உதை. மூடி உடைந்து பறந்தது. அந்தத் தாளில் என்ன பொய் எழுதியிருக்கிறேன் என்று எனக்குத் தெரியும். அந்த ஆத்திரம்தான்.

பயிற்சி ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில், வீட்டில் அடிபடும் பெண்களுக்கான ஓர் ஆலோசனை நிலையத்தில். ஒரு வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் வந்தார். டொச், அதுதான் ஜெர்மன் மொழி, தெரியாது. அவரோடு பொலிசுக்குப் போய் நான்தான் மொழிபெயர்த்தேன். சொல்லுக்குச் சொல் மாற்று, உன் பங்குக்கு எதையும் சேர்க்காதே என்று எனக்குப் படிப்பித்திருந்தார்கள்.

நேற்று என்ன நடந்தது என்று பொலிஸ்காரர் கேட்டார்.

"சண்டை வந்தது. பிறகு அவர் கை நீட்டினவர்," என்றார் அக்கா.

எங்கள் வீட்டில் அடியை அடி என்றுதான் சொல்வார்கள். ஜெர்மனியில் பிறந்து வளர்ந்த எனக்கு இந்தப் பேச்சு புதிது. 'பிறகு அவர் கையை நீட்டினார்' என்று அப்படியே டொச்சில் சொன்னேன். டொச்காரர் கை நீட்டுவது சமாதானத்துக்கு. பொலிஸ்காரரின் முகம் தெளிந்தது. அதோடு எல்லாம் முடிந்ததா என்று கேட்டார்.

"ஓம், அதோடை முடிஞ்சுது," என்றார் அக்கா, குனிந்தபடி.

இருவரும் சமாதானம் என்று எழுதி, அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அன்று பின்னேரம் அம்மாவிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அம்மா கரண்டியைப் போட்டுவிட்டுக் கத்தினார். "எடி விசரி, கை நீட்டினவர் எண்டால் அடிச்சவர் எண்டல்லோ அர்த்தம்!"

உடனே போன் எடுத்துச் சொல்லியிருக்கலாம். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. திங்கட்கிழமை பார்த்துக்கொள்வோம் என்று இருந்துவிட்டேன்.

அக்கா பொலிசுக்குப் போனது ஞாயிற்றுக்கிழமை அவர் புருஷனுக்குத் தெரிந்துவிட்டது. தோசைக்கல்லால் முகத்தில் அடித்தான். விழுந்த பிறகும் விடவில்லை. தலைமயிரைக் கையில் சுற்றிப் பிடித்துத் தலையைக் கதவு நிலையில் மோதினான். கீழ்த்தாடை இரண்டு இடத்தில் உடைந்தது. நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது பற்களைக் கம்பியால் கட்டியிருந்தார்கள். கடைவாயால் இரத்தமும் எச்சிலும் வழிந்தன. டொக்டரிடம் அக்கா சொன்னது பாடமாக்கி வைத்திருந்த ஒரேயொரு டொச் வசனம்: படியில் விழுந்துவிட்டேன்.

என் மொழிபெயர்ப்புப் பிழையை நான் யாரிடமும் சொல்லவில்லை. 'மொழிபெயர்ப்புத் தடையின்றி நடந்தது' என்று அறிக்கையில் எழுதினேன். வகுப்பிலேயே கூடிய மதிப்பெண் எனக்குத்தான்.

இப்போது அன்ட்ராக்கின் கடைசிப் பக்கத்தில், இணைத்தவை எல்லாம் உண்மை என்று கையெழுத்துக் கேட்டார்கள். பேனாவை எடுத்தும் போட முடியவில்லை. அக்காவைத் தேடிப் போனேன். அவனை விட்டுப் பிரிந்து, ஒற்றை அறை வீட்டில் தனியே இருந்தார். பேசும்போது தாடை ஒரு பக்கம் இழுத்தது. நடந்ததை ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"அப்ப பொலிஸ் என்னை நம்பாமல் விடேல்லையோ?"

"இல்லை அக்கா. நீங்கள் சொன்னது அவையளுக்குப் போய்ச் சேரவே இல்லை."

"நம்பேல்லை எண்டு நினைச்சுத்தானே படியிலை விழுந்தன் எண்டு சொன்னனான். அதுக்குப் பிறகும் ஒரு வருசம் அவனிட்டை அடி வாங்கினனான்."

பளாரென்று என் கன்னத்தில் அறை விழுந்தது. காது கூவியது. மற்றக் கன்னத்திலும் விழுந்தது. நான் தடுக்கவில்லை. வாங்க வேண்டியதுதான் என்று இருந்தது.

"இவ்வளவு நாளும் விட்டிட்டு இப்ப ஏன் வந்தனி?"

புள்ளிகளைப் பற்றிச் சொன்னேன்.

"அந்தப் புள்ளி உனக்குக் கிடைக்குமோ?"

"கையெழுத்து வைச்சால் கிடைக்கும்."

"எடுக்காதை. என்ரை தாடையிலை ஏறி நீ ஒரு வகுப்பும் தாண்டக்கூடாது. முதல்லையிருந்து படி."

அறிக்கையை அன்ட்ராக்கிலிருந்து உருவி எடுத்தேன். நடந்ததை நடந்தபடி எழுதி அந்தப் பொலிஸ் நிலையத்துக்கு அனுப்பினேன். முதல் செமஸ்டரில் போய் இருந்தேன்.

அக்கா மறுபடியும் பொலிசுக்குப் போனார். மொழிபெயர்க்க என்னைக் கூப்பிடவில்லை.