யப்பானில் சொன்ன ஓம்

யப்பானைப் பற்றி யாராவது புகழத் தொடங்கினால் எனக்கு இப்போது விசர் வரும். முன்பு அப்படியில்லை. சுவிசில், துன் நகரில் ஏரிக்கரையோரம் ஒரு ஹோட்டலில் காலைச் சாப்பாடு பரிமாறும் வேலை எனக்கு. யப்பானியக் குழு வருகிறதென்றால் நாங்கள் எல்லோரும் சந்தோஷப்படுவோம். மேசையில் ஒரு சொட்டுக் கோப்பி சிந்தினாலும் தாங்களே துடைத்துவிட்டுப் போகிற சனம். 'மனிசர் எண்டால் இப்பிடி இருக்கவேணும்' என்று வீட்டில் நானே எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். என் தம்பி அந்த நாட்டில் போய் மாட்டுப்படும்வரைக்கும் சொன்னேன்.

அவன் எனக்கு நேரே இளையவன். மட்டக்களப்புப் பக்கம் எங்கள் ஊரில் சண்டையெல்லாம் முடிந்துவிட்டது என்று உலகமே சொன்ன பிறகுதான் அவனுக்குப் பிரச்சினை தொடங்கியது. வீட்டுக்கு ஆட்கள் வந்து விசாரித்தார்கள். ஒருமுறை கூட்டிக்கொண்டுபோய் அடித்து அனுப்பினார்கள். எந்த நாட்டு விசா முதலில் கிடைத்ததோ அந்த நாட்டுக்கு ஏறினான். மொழி படிக்கிற மாணவன் என்று யப்பானுக்கு. அங்கே தஞ்சம் கேட்டான், மறுத்தார்கள். திரும்பக் கேட்டான், திரும்பவும் மறுத்தார்கள். இப்போது கேட்டிருப்பது மூன்றாம் தரம்.

தோக்கியோவுக்குப் பக்கத்து ஊரொன்றில் 'தற்காலிகமாக வெளியில் விட்டவன்' என்ற கணக்கில் இருக்கிறான். சிறையில் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். வேலை செய்யக் கூடாது. காய்ச்சல் வந்தால் காப்புறுதி கிடையாது. மாகாண எல்லையைத் தாண்டி ஒரு சிநேகிதனின் கலியாணத்துக்குப் போவதென்றாலும் முதலில் அனுமதி கேட்க வேண்டும். சொன்ன நாளில் குடிவரவு அலுவலகத்துக்குப் போய் முகம் காட்ட வேண்டும். போகிறவன் அன்றைக்கே வெளியே வருவானா, உள்ளே வைத்துப் பூட்டி விமானம் ஏற்றுவார்களா என்பது போகிறவனுக்கும் தெரியாது. அதற்குமேல் இப்போது ஒரு புதுச் சட்டம். மூன்றாம் தரம் கேட்கிறவனை, கேட்டதற்குப் பதில் வருமுன்னே ஏற்றி அனுப்பலாமாம்.

'வாற செவ்வாய்க்கிழமை வந்து விளக்கம் சொல்லு' என்று அவனுக்கு அழைப்பு வந்த கிழமையில் எங்களுக்கு டீட்டிகோனில் தெரிந்தவர்களின் மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீடு. போக எனக்கு மனமே இல்லை. போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று நாலு பேர் கேட்பார்கள், தம்பியின் கதை வெளியில் வரும், சனம் வாயில் போட்டு மெல்லும் என்று என் மனுசன் பயந்தார். சரியென்று சேலையைக் கட்டிக்கொண்டு போனேன்.

சாப்பாட்டு மேசையில் எங்களுக்கு முன்னால் மனுசனின் சிநேகிதர் ஒருவர். களஞ்சியமொன்றில் பெட்டி ஏற்றுகிற இயந்திரம் ஓட்டுகிற அண்ணை. விடுமுறைக்கு யப்பானுக்குப் போய் வந்திருக்கிறார். வாய் மூடவில்லை.

“யப்பான்காரனைப் பாருங்கோ! ரெயின் ஒரு நிமிசம் பிந்தினாலும் மன்னிப்புக் கேக்கிறான். குண்டு போட்டு அழிச்ச நாடு, எப்பிடி எழும்பி நிக்குது! எங்கட சனம் அவனிட்டைப் படிக்கவேணும்.”

பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து பார்த்தேன். முடியவில்லை.

“அண்ணை, அவன் ஆரிட்ட மன்னிப்புக் கேக்கிறான்? ரிக்கற் எடுத்தவனிட்ட. அடைக்கலம் கேட்டு வந்தவனிட்டக் கேக்கிறானோ?”

“தங்கச்சி, அது அவங்கட நாடு. கண்டவன் நிண்டவனை எல்லாம் விட்டால் அவ்வளவு சுத்தமா வச்சிருக்கேலுமோ?”

சுத்தம் என்ற சொல் கேட்டதும் எனக்கு உச்சியில் ஏறிவிட்டது.

“இஞ்ச வந்து இறங்கேக்க உங்களையும் என்னையும் பற்றி இதைத்தானே சொன்னவங்கள்? கண்டறியாத யப்பான்! வயசுபோனதுகளைக் கழுவித் துடைக்க வெளிநாட்டுப் பிள்ளையள் வேணும். ஆனா அதுகளை வேலையாக்கள் எண்டு சொல்லமாட்டினம், பயிற்சிக்கு வந்ததுகளாம். தேர்தல் வந்தால் 'யப்பானியர்தான் முதல்' எண்டு ரோட்டில நிண்டு கத்துகினம். வருசக்கணக்கா ஒரே கட்சி ஆண்டாலும் ஏனெண்டு கேக்க ஆளில்லை. இதையும் போய்ப் படிக்கவோ?”

மனுசன் கீழே என் காலை மிதித்தார். அண்ணை என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு, “தங்கச்சிக்குப் பிறசர் கூடிட்டுது, ரோல்ஸ் வேண்டாம், தண்ணி குடுங்கோ,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை வந்தது. ஏனென்று சொல்லவும் முடியாமல் தண்ணீரைக் குடித்தேன்.

நான் ஒன்றும் சுவிசைச் சாமித்தட்டில் வைத்துக் கும்பிடுகிறவள் இல்லை. இங்கேயும் வாக்கெடுப்பு வந்தால் ஓஸ்டர்முண்டிகன் ரெயில் நிலையத்தில் எங்களைப் போன்றவர்களைத் துரத்துகிற சுவரொட்டியைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். தற்காலிகமாக இருக்கவிடுகிற எஃப் விசாவில் நாங்கள் இழுபட்ட வருடங்கள் எனக்கு மறக்கவில்லை. ஆனால் அந்த எஃப் விசாவோடு வேலை செய்தோம், பிள்ளை பெற்றோம், டொக்டரிடம் போனோம். தம்பிக்கு அதுகூட இல்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

மறுநாள் வேலை முடிந்து ஓஸ்டர்முண்டிகனில் வீட்டுக்கு வந்ததும், சப்பாத்துக்கூடக் கழற்றாமல் அவனுக்கு அடித்தேன். செவ்வாய்க்கிழமை என்ன சொல்லப்போகிறான் என்று தெரிய வேண்டும்.

“போன முறை ஏன் மறுத்தவங்கள்? ஒளிக்காமல் சொல்லு.”

“நானே சம்மதிச்சிட்டனாம், அக்கா. நிலைமை சரியெண்டால் ஊருக்குத் திரும்பிப் போறன் எண்டு.”

“அப்பிடிச் சொன்னனியோ?”

“சத்தியமா இல்லை.”

“பின்ன என்னத்தைச் சொல்லித் துலைச்சனி?”

“மொழிபெயர்க்கிறவர் ரெலிபோனில கதைச்சவர். இந்தியத் தமிழ், நல்ல மனிசன். அவர் நீட்டாச் சொல்லிக்கொண்டு போகேக்க நான் ஓம், ஓம் எண்டு கேட்டுக்கொண்டிருந்தன். வேற ஒண்டும் சொல்லேல்லை.”

அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். எங்களுக்கு ஓம் என்பது ஒரு பதிலா? எதிரில் இருப்பவர் மூச்சு விடுகிற இடமெல்லாம் நாங்கள் ஒரு ஓம் போடுவோம். நான் இங்கேதான் இருக்கிறேன், கேட்கிறது, மேலே சொல்லுங்கள் என்று அர்த்தம். போடாவிட்டால் 'கேக்குறியோ, நித்திரையோ?' என்று சண்டைக்கு வருவார்கள். செத்த வீட்டுச் செய்திக்கும் ஓம் போடுவோம், பேச்சு வாங்கும்போதும் ஓம் போடுவோம். அந்த நல்ல மனிசன் 'ம்' கொட்டிக் கதை கேட்கிற ஊர்க்காரர். ஓம் என்றால் ஆமாம் என்று மட்டும் எங்கோ அறிந்து வைத்திருக்கிறார். நீ ஊருக்குத் திரும்பலாம்தானே என்று அதிகாரி கேட்டதை அவர் தமிழில் விரித்துச் சொல்லியிருக்கிறார். இவன் பாதியிலேயே ஓம் போட்டிருக்கிறான். அவர் அதை ஆமாம் என்று யப்பானிய மொழியில் திருப்பிக் கொடுத்துவிட்டார். சாவுக்குப் பயந்து ஓடினவனின் கதை அந்த ஒரு சொல்லோடு முடிந்தது.

திங்கட்கிழமை காலை வேலைக்குப் போனேன். வரவேற்பு மேசையில் எங்களோடு ஒரு யப்பானியப் பெண் வேலை செய்கிறாள். சுவிஸ்காரனைக் கலியாணம் செய்து, துன்னிலேயே பல வருடமாக இருக்கிறாள். ஹோட்டலில் எல்லோரும் ஆளையாள் 'நீ' என்று கதைக்க, அவள் மட்டும் பாத்திரம் கழுவுகிறவரையும் 'நீங்கள்' என்பாள். அன்றைக்குத் தொலைபேசியில் யப்பானியப் பயண முகவர் யாரோடோ கதைத்துக்கொண்டிருந்தாள். “ஹாய்... ஹாய்... ஹாய்...” என்று விட்டு விட்டுத் தலையை ஆட்டினாள். தினமும் கேட்கிற சத்தம். அன்றைக்குத்தான் அது என் காதில் விழுந்தது.

அவள் தொலைபேசியை வைக்கும்வரை நின்று ஜெர்மனில் கேட்டேன்: “இந்த ஹாய் என்றால் ஆமாம் என்றுதானே அர்த்தம்? அவர் சொன்ன எல்லாவற்றுக்கும் சம்மதமா?”

சிரித்தாள். “இல்லை, இல்லை. அவர் கேட்டது ஒன்றுமே எங்களால் செய்ய முடியாது. கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று காட்டத்தான் ஹாய். அதற்கு எங்களிடம் ஒரு சொல் இருக்கிறது. அய்சுச்சி.”

தம்பியின் கதையைக் கொட்டினேன். மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. “உங்கள் ஆட்களுக்கு இது தெரியும்! அதற்கென்று ஒரு பெயரே வைத்திருக்கிறீர்கள்! தெரிந்துகொண்டே அவனுடைய ஓமைப் பிடித்துக் கழுத்தை நெரிக்கிறீர்கள்!”

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு நின்றுவிட்டது. சுற்றிப் பார்த்தாள். ஆள் இல்லை. “உங்கள் தம்பி விசா முடிந்த பிறகும் இருந்தார், அல்லவா?” என்றாள் மெதுவாக.

“இருந்தான். உயிரோடு இருக்கத்தான் இருந்தான்.”

“வேலையிடத்தில் இப்படிக் கதைப்பது நல்லதில்லை,” என்றாள். மடித்து வைத்திருந்த நகர வரைபடங்களை எடுத்துத் திரும்பவும் நேராக அடுக்கினாள். நான் போகவில்லை. அடுத்த குழு வந்து இறங்குகிறவரைக்கும் நிற்பேன், வேலை போனாலும் பரவாயில்லை என்று நின்றேன்.

கடைசியில் அவளே கதைத்தாள், என்னைப் பார்க்காமல். “எங்கள் நாட்டில் காற்றை வாசிக்கத் தெரிய வேண்டும் என்பார்கள். எதிரில் இருப்பவர் வாய் திறக்காமலே அவர் மனதில் என்ன இருக்கிறதென்று அறிவது. அது தெரியாதவன் மனிதனே இல்லை என்பதுபோல நடத்துவார்கள். என் அக்கா கலியாணத்தோடு தன் குடும்பப் பெயரை விட்டாள். கலியாணம் செய்தால் இருவருக்கும் ஒரே பெயர்தான், சட்டம் அப்படி. அவள் அழவில்லை, எல்லோருடைய காற்றையும் வாசித்தாள். நான் அதற்குப் பயந்துதான் இங்கே வந்தேன்.” கொஞ்சம் நிறுத்தினாள். “உங்கள் தம்பியின் காற்றை வாசிக்க அந்த அறையில் ஒருவருக்கும் விருப்பம் இருக்கவில்லை. அது தெரியாமல் நடந்ததில்லை. அதுதான் எனக்கு வெட்கம்.”

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவள் கையைப் பிடிக்கலாமா என்று யோசித்தேன். அவள் தொடுகிற ஆள் இல்லை, விட்டுவிட்டேன்.

இடைவேளையில், துணி அறைக்குள் நின்று, என் கைத்தொலைபேசியில் ஒரு வசனம் பேசித் தந்தாள். யப்பானிய மொழியில், மிகப் பணிவாக. 'என் மொழியில் ஓம் என்பது அய்சுச்சி. நான் சம்மதித்தால் சம்மதம் என்றே சொல்லுவேன். போன முறை நான் சம்மதம் சொல்லவில்லை.' தன் பெயரை மட்டும் யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். இன்றைக்கும் சொல்லவில்லை.

அன்று பின்னேரம் தம்பியை வைத்துப் பழக்கினேன். வசனத்தை அவன் உடனே பிடித்துவிட்டான். ஓம் தான் வாயை விட்டுப் போகமாட்டேன் என்றது.

“நான் கேட்டு முடிக்கும்வரைக்கும் வாயைத் திறக்கப்படாது, விளங்குதோ?”

“ஓம் அக்கா.”

“அறுவானே! இப்ப என்னத்தைச் சொன்னனி?”

“ஐயோ, ஓம்...”

இருவரும் சிரித்தோம். பிறகு அவன், “அக்கா, பயமா இருக்கு,” என்றான். பழகு, பழகு என்று அதட்டினேன். வேறு என்ன செய்ய?

செவ்வாய்க்கிழமை நான் ரொட்டிக்கூடை நிரப்புகிற நேரம் அங்கே மத்தியானம் தாண்டியிருக்கும். வேலை நேரத்தில் தொலைபேசி வைத்திருக்கக் கூடாது. ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டேன். சாப்பாட்டு மண்டபம் நிறைய யப்பானியர். கோப்பி ஊற்ற ஊற்ற ஒவ்வொருவரும் தலை குனிந்து நன்றி சொன்னார்கள். அந்தப் பணிவான தலைகளைப் பார்க்கப் பார்க்க, இதே பணிவோடு யாரோ ஒருவன் இந்த நேரம் என் தம்பியின் கையில் விலங்கு போடுவானோ என்று நினைத்தேன். ஒரு வயசான அம்மாவின் கோப்பையை நிரப்பி வழியவிட்டேன். அவரே கைத்துண்டால் துடைத்துவிட்டு என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

மண்டபம் காலியாகிற நேரத்தில்தான் பை அதிர்ந்தது. குளிர் அறைக்குள் ஓடினேன்.

“வெளியிலயோ நிக்கிறாய்?”

தொலைபேசியைக் காதோடு அழுத்தினேன்.

“டேய், உன்னைத்தான் கேக்கிறன்! வெளியிலயோ, உள்ளுக்கோ?”

“வெளியில, அக்கா.” நான் பழக்கியபடி, கேட்டு முடித்த பிறகுதான் வாயைத் திறந்தான். ஓம் போடவில்லை. பால் பெட்டி ஒன்றின்மேல் குந்தினேன்.

வசனத்தைச் சொன்னானாம். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு, இன்னொருமுறை சொல் என்றாராம். இரண்டாம் தரம் சொன்னபோது தலையை ஆட்டி, “ஹாய்... ஹாய்...” என்றாராம்.

“அந்த ஹாய் எந்த ஹாய் எண்டு விளங்கேல்லை, அக்கா. அடுத்த மாதம் திரும்ப வரட்டாம். அதுவரைக்கும் வெளியில விடுகினமாம்.”

மண்டபத்தில் யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு ஒரேயொரு கேள்விதான் இருந்தது.

“அப்ப உன்னை அனுப்பமாட்டாங்கள்தானே?”

அவன் பக்கம் வாகனங்கள் போகிற சத்தம் கேட்டது.

“ஓம் அக்கா,” என்றான்.

அது ஆமாம் என்கிற ஓம் இல்லை. நான் கேட்டது அவனுக்குக் கேட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஓமென்று நானும் சொன்னேன்.