சன்னலோர மேசை

கணக்கு வாத்தியார் திருப்பதி ஓய்வு பெற்ற அன்று கல்லூரியில் மாலை போட்டார்கள், வாழ்த்துப்பா படித்தார்கள். மறுநாள் யாரும் தேடவில்லை. திருவரங்குளத்து வீட்டில் சும்மா இருந்து பார்த்தார், முடியவில்லை. கல்லூரி நூலகத்துக்குப் பின்னால் ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கென்று ஓர் அறை இருந்தது. எழுத்து, படிப்பு என்று ஏதாவது வேலை செய்கிறவர்களுக்குத்தான் அங்கே மேசை. கணக்குப் புத்தகம் எழுதப்போவதாகச் சொல்லி ஒன்றை வாங்கிக்கொண்டார்.

அறையில் நல்ல இடம் சன்னலோரம். அங்கே இருந்தவர் தமிழ்ப் பண்டிதர் நல்லதம்பி. வேலையில் இருந்த காலத்தில் பண்டிதருக்கு எந்தக் கூட்டத்திலும் பின்வரிசைதான். இப்போதோ மணியடித்ததும் பையன்கள் நேரே அவரிடம் போனார்கள். ஒருவன் படிக்க, அவர் பொருள் சொல்ல, ஒரே சிரிப்பும் பேச்சும். திருப்பதியின் மேசைக்கு ஈதான் வந்தது. அவருக்கு வயிறு எரிந்தது. எல்லாம் அந்தச் சன்னல் செய்கிற வேலை என்று முடிவுகட்டினார். வெளிச்சத்தில் இருப்பவன்தானே கண்ணில் படுவான்.

ஒருநாள் காலையில் முதல் ஆளாக வந்து, பண்டிதரின் புத்தகங்களை மூலைக்கு மாற்றிவிட்டுச் சன்னலோரம் உட்கார்ந்தார். பண்டிதர் வழக்கம்போல ஒரு மாணவனின் தோளைப் பிடித்தபடி வந்தார். அந்தச் செல்லமும் திருப்பதிக்குப் பிடிக்காது.

"கணக்குப் புத்தகத்துக்குப் படம் வரையணும் பண்டிதரே, வெளிச்சம் வேணும். நீங்க அங்கிட்டு மூலையில அலமாரி ஓரமா இருந்துக்கங்க."

"அதுக்கென்ன சார், இருங்க" என்றார் பண்டிதர். சண்டைக்குத் தயாராக இருந்த திருப்பதிக்குச் சப்பென்று போயிற்று.

மணியடித்தது. பையன்கள் சன்னலைத் தாண்டி மூலைக்குப் போனார்கள். "சார், நாற்காலியக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கிறீங்களா, வழி வேணும்" என்றான் ஒருவன்.

சாயங்காலம் மழை மூட்டம். பையன்கள் போய்விட்டார்கள். சன்னலோரத்திலேயே எழுத்துத் தெரியாமல் திருப்பதி நோட்டை மூடினார். மூலை இருட்டில் பண்டிதர் மட்டும் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். திருப்பதி எழுந்து அவரிடம் போனார்.

"இந்த இருட்டுல எப்படிப் படிக்கிறீங்க?"

பண்டிதரின் கை நின்றது.

"ஒங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போவுது சார். ரெண்டு கண்ணும் போயி வருசமாச்சு. சும்மா பொரட்டுறேன். வேலை இல்லேன்னா மேசைய எடுத்துருவாங்களே. பசங்களுக்கு மட்டும் தெரியும். கூட்டியாறது, படிச்சுக் காட்டுறது எல்லாம் அவனுகதான். வெளியில மூச்சு விடல."

ஐயோ பாவம் என்றுதான் திருப்பதிக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. தன் கண் போயிருந்தால் படித்துக் காட்ட எவன் வருவான் என்று எண்ணிப் பார்த்தார். ஒரு முகமும் நினைவுக்கு வரவில்லை. வயிறு முன்னைவிட அதிகமாக எரிந்தது.

"நாளையிலேருந்து நான் படிச்சுக் காட்டுறேனே பண்டிதரே" என்றார். குரல் அவருக்கே கெஞ்சுவதாகப் பட்டது.

பண்டிதர் சிரித்தார்.

"வேணாம் சார். பசங்க கோவிச்சுக்குவானுக."