படுத்தபடி இறங்க ஒரு படிக்கட்டு

வண்ணார்பேட்டையில் நாங்கள் வாங்கியது மூன்றாவது மாடி வீடு. வாங்கும்போது எல்லாம் பார்த்துத்தான் வாங்கினோம். பூஜையறை கிழக்கு பார்த்து இருக்கிறதா, அடுப்பு அக்கினி மூலையில் வருகிறதா என்றெல்லாம் பார்த்தோம். படிக்கட்டை யாரும் பார்க்கவில்லை. பால் காய்ச்சிய அன்று பீரோ படித் திருப்பத்தில் சிக்கிக்கொண்டது. லிப்டுக்கு என்று விட்டிருந்த பள்ளத்தில் கீழ்க்கடைக்காரரின் சாமான்கள் கிடந்தன. கடைசியில் கயிறு கட்டி பால்கனி வழியாக ஏற்றினோம்.

"அத்தான், பீரோவே திரும்பல. நாளைக்கு ஒண்ணுன்னா..." என்று என் மச்சினன் இழுத்தான்.

"வாய மூடுலே. பால் பொங்குத நேரத்துல பேசுத பேச்சா இது?" என்று அதட்டினாள் அவன் அக்கா, என் வீட்டுக்காரி. புதுவீட்டில் யார் சாவைப் பற்றி நினைப்பார்கள்? எல்லோரும் சிரித்தோம்.

பிறகு அவளுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. ஆம்புலன்ஸ் பிள்ளைகள் கொண்டுவந்த ஸ்ட்ரெச்சரும் அதே திருப்பத்தில்தான் நின்றது. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, துண்டால் கட்டி இறக்கினார்கள். அதன்பிறகு எப்போது ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அப்படித்தான். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"நான் போகும்போது இப்படி உக்கார வச்சு இறக்கிராதீங்க. சாமியாரத்தான் உக்கார வச்சுக் கொண்டுபோவாங்க. நான் மஞ்சளும் பூவுமா படுத்துப் போகணும்."

மாடிக்காரர்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு கட்டடத்துக்கு அனுமதி கொடுத்த அலுவலகத்துக்குப் போனேன். அதிகாரி வரைபடத்தை விரித்துக் காட்டினார். அந்தத் தாளில் இருந்த படிக்கட்டில் பல்லக்கே இறங்கும். கட்டியவர் பாதி அகலத்தைக் கீழே கடைக்கும் மேலே வீடுகளுக்கும் சேர்த்துவிட்டார்.

"கட்டி முடிச்ச பெறகு யாரும் வந்து பாக்கலயா ஐயா?" என்று கேட்டேன்.

"நீங்கதான் குடிவந்தாச்சே அண்ணாச்சி. இப்ப நடவடிக்கை எடுத்தா மொதல்ல உங்களத்தான் காலி பண்ணச் சொல்லணும்."

கூட வந்தவர்கள் வெளியே வந்ததும் பின்வாங்கிவிட்டார்கள். "சும்மா விடும் வே. வெளிய தெரிஞ்சா வீட்டு வெல விழுந்துரும்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். நான் ஒருவனாகக் குறைதீர் கூட்டத்துக்குப் போய், எழுந்து நின்று, தாளில் உள்ள படிக்கட்டு எங்கள் வீட்டில் இல்லை, வந்து பாருங்கள் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். வீட்டில் அவள் காத்திருந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"பாக்கோம்னிருக்காங்க."

ஒரு வெள்ளிக்கிழமை விடியலில், நான் விளக்கேற்றிவிட்டு வந்து பார்த்தபோது, அவள் போய்விட்டிருந்தாள். மஞ்சள் பூசிக் குளிப்பாட்டி, கூறைப்புடவை உடுத்தி, நெற்றி நிறையக் குங்குமம் வைத்தார்கள். பாடை கீழே தெருவில் காத்திருந்தது. யாரோ நாற்காலியைக் கொண்டுவரச் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். "அப்பம் பால்கனி வழியா கயிறு கட்டித்தான்..." என்று இன்னொருவர் வாயெடுத்தார்.

"ஏலே, எங்கக்கா என்ன பீரோவாலே?" என்று கத்திய மச்சினன் அப்படியே உட்கார்ந்து அழுதான்.

பிறகு அவன்தான் கால்பக்கம் பிடித்தான், நான் தலைப்பக்கம். படுத்தபடியே பைய இறக்கினோம். திருப்பம் வந்தது. சாய்த்துப் பார்த்தோம், தூக்கிப் பார்த்தோம், முடியவில்லை. அவளை நிறுத்தித்தான் திருப்ப வேண்டியிருந்தது. அவள் தலை என் தோளில் சாய்ந்தது. இத்தனை வருஷத்தில் பிறத்தியார் முன்னால் அவள் என்மேல் சாய்ந்ததே இல்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் அப்படித்தான் நிறுத்தினோம். தெருவுக்கு வந்தபோது அவள் நெற்றிக் குங்குமம் பாதி என் சட்டையில் இருந்தது.

எதிரே, எங்கள் வீட்டைக் கட்டிய அதே ஆள் இன்னொரு மாடி எழுப்புகிறார். நான் இன்னமும் கூட்டத்துக்குப் போய்ச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். "உங்க விஷயந்தான் முடிஞ்சுபோச்சே அண்ணாச்சி" என்றார் அந்த அதிகாரி, இரக்கமாகத்தான்.

ஆமாம், முடிந்துபோயிற்று. அவள் கேட்டது ஒன்றே ஒன்று. காந்திமதி அம்மை சன்னதியில் நின்று அதைத்தான் சொல்கிறேன்: தாயே, அவளைப் படுக்க வைத்து இறக்க என்னால் முடியவில்லை.