படத்தை யார் பார்ப்பார்கள்

மனநோய்க்கு மாத்திரை சாப்பிடத் தொடங்கிய மூன்றாம் மாதம், தருமபுரியில் அவருடைய ஆஸ்பத்திரியிலேயே வாரம் ஒருநாள் நடக்கும் பயிற்சிக்கும் போகச் சொன்னார் டாக்டர். இண்டூரிலிருந்து பஸ்ஸில் கணவர் கூட்டிப்போவார். முதலில் உடற்பயிற்சி. கண்ணை மூடி மூச்சை இழுக்கச் சொன்னால் நான் மட்டும் மூட மாட்டேன். எல்லோரும் மூடியிருக்கும்போது யார் என்ன செய்கிறார்களோ என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். பிறகு படம் வரைய வேண்டும். சொல்லித்தரும் பெண் தாள்களை வாங்கி ஃபைலில் வைப்பாள். அதைப் பார்த்து மாத்திரையைக் கூட்டிவிடுவார்கள் என்று பயந்து, வாராவாரம் ஒரே பூவை வரைந்து கொடுத்தேன்.

ஒருநாள் கேட்டேவிட்டேன். "இதையெல்லாம் டாக்டர் பார்க்கறாருங்களா?"

மழுப்புவாள் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"சில சமயம் பார்ப்பாருங்க அக்கா. வேணாம்னா நீங்களே வூட்டுக்கு எடுத்துட்டுப் போங்க," என்றாள்.

அன்று எங்கள் தெருவை வரைந்தேன். ஒவ்வொரு ஜன்னலிலும் என்னையே பார்க்கும் கண்கள். அவற்றைப் பற்றி அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து நானே அதை அவளிடம் நீட்டினேன். "டாக்டருக்கு மட்டும் காட்டுங்க."

அவள் டாக்டர் அறைக்குள் போய்த் திரும்பும்வரை, வேறெங்கும் போகிறாளா என்று வாசலிலேயே நின்று பார்த்தேன்.