சுளுக்கு என்றார்கள், நானும் சொன்னேன்

சத்தம் எனக்குக் கேட்டது. ஈரக் கயிறு அறுகிற மாதிரி ஒரு சத்தம்.

என் மகள் ரோஸ்லின் பந்தோடு துள்ளி, இறங்கி, இடது காலை ஊன்றித் திரும்பினாள். விழுந்தாள். யாரும் இடிக்கவில்லை. பக்கத்தில் ஆளே இல்லை.

அவள் தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் அப்போது முதல் வருஷம். கூடைப்பந்தில் கார்டு (பந்தைத் தட்டிக்கொண்டு முன்னே போய் மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிற ஆள்). குள்ளம்தான், ஆனால் வேகம். சேர்ந்த இரண்டாம் மாதமே மூத்த பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டு இவளை இறக்கினார்கள். கல்லூரியில் இடமும் ஹாஸ்டலில் கட்டிலும் அந்த ஆட்டத்துக்காகக் கிடைத்தவை.

நான் புன்னைக்காயல்காரன். சங்கு குளித்தவன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டேன். எழுதிப் பழக்கமில்லை. பிள்ளை விளையாடுகிற வீட்டில் யாராவது இதைப் படித்தால், நான் செய்ததைச் செய்யாதீர்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

விளையாட்டு மாஸ்டர் ஓடி வந்து முட்டியில் ஸ்பிரே அடித்தார்.

“சுளுக்குதான் அண்ணாச்சி. நாலு நாள்ல ஓடுவா பாருங்க.”

ஒரு மணி நேரத்தில் முட்டி தேங்காய் அளவுக்கு வீங்கியது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு நன்றாக இருக்கிறது, சுளுக்கு என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். எலும்பு நன்றாகத்தான் இருந்தது. எலும்புகளைக் கட்டியிருக்கிற நார் எக்ஸ்ரேயில் தெரியாது. அதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அடிபட்ட சில மணி நேரத்துக்குள் முட்டி வீங்கினால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று அர்த்தம். அதையும் சொல்லவில்லை.

மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தது. ரோஸ்லின் ஹாஸ்டலிலிருந்து வீட்டுக்கு வந்தாள்.

“அப்பா, நேரா நடந்தா ஒண்ணுமில்ல. திரும்பினா முட்டி தனியா நழுவுது.”

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஆழத்தில் அதிக நேரம் கிடந்துவிட்டு மேலே வந்தால் தோளிலும் முட்டியிலும் குடைச்சல் எடுக்கும். ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டோம். அதே ஆழத்துக்கு மறுபடி இறங்குவோம். கீழே போனதும் வலி விட்டுவிடும். இருபது வருஷம் அதுதான் எனக்கு மருந்து. அதைத்தான் மகளுக்கும் கொடுத்தேன்.

“ஏளா, வீட்டுல கெடந்தா வலி மூட்டுல குடியேறிரும். இறங்கி ஆடு. ஆட்டத்துலயே போயிரும்.”

என் மனைவி செல்வி அடுப்படியிலிருந்து சொன்னாள். “கடலுக்கடியில கெடக்குத மனுசனுக்குக் காலப் பத்தி என்ன தெரியும்? அவ நழுவுதுன்னு சொல்லுதா. வலிக்குதுன்னா சொன்னா?”

அவளைப் பேசாமல் இருக்கச் சொன்னேன். செல்வி சொன்னதுதான் சரி. அவள் ஆறாம் வகுப்பு வரை படித்தவள்.

மாஸ்டருக்குப் போன் போட்டு, ஆடட்டும் என்றேன். “நீங்களே சொல்லிட்டிய, அப்புறம் என்ன அண்ணாச்சி” என்றார். இறுதி ஆட்டம் அடுத்த வாரம். அவருக்கு அது வசதியாக இருந்தது.

முட்டியில் டேப் சுற்றி இறக்கினார்கள். முதல் பாதி ஓடினாள். நான் கை தட்டினேன். இரண்டாம் பாதியில் குனிந்து பந்தை எடுத்தவள் நிமிரவில்லை. முட்டி மடங்கினபடியே பூட்டிக்கொண்டது. நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. நானும் மாஸ்டரும் அப்படியே தூக்கிப் போனோம். வேறு ஆஸ்பத்திரிக்கு.

அங்கே எம்.ஆர்.ஐ. (காந்தத்தை வைத்து உடம்புக்குள் இருக்கிற நாரையும் சதையையும் படம் எடுப்பது) எடுத்தார்கள். அவள் அந்த மெஷினின் குழாய்க்குள் கிடந்த நேரத்தில் கோப்பையோடு அணி எடுத்த படம் மாஸ்டர் போனுக்கு வந்தது. என்னிடம் காட்டினார்.

டாக்டர் ஒரு பெண். ஊர் நாசரேத்துப் பக்கம். சுற்றி வளைக்காமல் பேசினார். ஏ.சி.எல். (தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முட்டிக்குள் இழுத்துப் பிடிக்கிற நார்) முழுதாக அறுந்திருந்தது. அது முதல் நாள் போனது. மெனிஸ்கஸ் (இரண்டு எலும்புக்கும் நடுவே மெத்தையாகக் கிடக்கிற குருத்தெலும்பு) கிழிந்து சுருண்டு சிக்கியிருந்தது. அது இரண்டாவது ஆட்டத்தில் போனது.

“முதல் கிழிசலுக்கு யாரையும் சொல்ல முடியாது. ரெண்டாவதுக்கு யாரு காரணம்? இந்தக் காலோட யாரு ஆடச் சொன்னது?”

“அவங்கப்பாதான் மேடம்” என்றார் மாஸ்டர்.

டாக்டர் அவரைப் பார்த்தார். “அவரு சங்கு எடுக்குதவரு. நீங்க விளையாட்டு சொல்லிக் குடுக்குதவரு. ரெண்டு பேருக்கும் ஒரே அறிவா சார்?”

மாஸ்டர் சுவரில் இருந்த எலும்புப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அடி எனக்கும் சேர்த்துத்தான் விழுந்தது.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று டாக்டரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு எழுந்து வந்து என் வலது கையைப் பிடித்துத் தூக்கினார். காதுக்கு மேலே போகவில்லை. என்னையும் படம் எடுக்க அனுப்பினார். தோள் எலும்பின் தலையில் ஒரு பக்கம் ரத்தம் போகாமல் செத்திருந்தது.

“கீழ போனா ரத்தத்துல இருக்குத காத்துக் குமிழி சுருங்கும், வலி விடும். மறுபடி மேல வருவீய, மறுபடி குமிழி. வலி போனதும் கொணமாயிட்டுன்னு நெனச்சிருக்கிய.”

அன்றோடு ஆழத்துக்கு இறங்குவதை விட்டேன். இப்போது வலைப் படகில் போகிறேன்.

தொடையின் பின்பக்கத்திலிருந்து நார் எடுத்து முட்டிக்குள் கட்டினார்கள். மெனிஸ்கஸில் பாதியைத் தைத்தார்கள், பாதியை வெட்டி எடுத்தார்கள். வெட்டியது இனி வளராது. வயதாகும் முன்பே அந்த முட்டி தேயலாம் என்றார்கள். அவளுக்குப் பதினெட்டு வயது.

எனக்குக் கோபம் ஆறவில்லை. அணிக்குப் பிள்ளைகளை எடுக்கும்போது உயரம் அளக்கிறார்கள். ஓடவிட்டு நேரம் பார்க்கிறார்கள். விழுந்தால் பார்க்க ஆள் இல்லை. ஒரு ஸ்பிரே டப்பா இருக்கிறது. முட்டியைக் கையால் இழுத்துப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடுமாம். அந்த டாக்டர் என் கண் முன்னால் செய்து காட்டினார். முதல் நாள் ஒருவரும் அதைச் செய்யவில்லை.

ஆபரேஷனுக்குப் பிறகு முதல் வேலை காலை நீட்டுவது. குதிகாலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, முட்டியைக் கீழே அழுத்த வேண்டும். அழுதாள். தொடை மெலிந்து என் கை பருமனுக்கு வந்தது. நாற்பது நாள் அவள் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு காலையில், “அப்பா, இந்த முட்டி பெல்ட்டக் கொஞ்சம் இழுங்க” என்றாள். இழுத்தேன். அவ்வளவுதான் பேச்சு.

ஒன்றை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்றாம் மாதம் வலி போய்விடும். அப்போதுதான் பயப்பட வேண்டும். உள்ளே வைத்த நாருக்கு அப்போது பலம் இருக்காது. ஒன்பது மாதத்துக்கு முன்னால் கோர்ட்டில் கால் வைக்கக் கூடாது, அதற்குப் பிறகும் பரீட்சை வைத்துத்தான் விடுவேன் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஆறாம் மாதம் மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். ரோஸ்லின் முற்றத்தில் ஒற்றைக் காலில் நின்று பழகிக்கொண்டிருந்தாள்.

“நல்லாத்தான நிக்கா. அடுத்த மாசம் போட்டி. பத்து நிமிசம் இறங்கினாப் போதும். இந்த வருசம் கோர்ட்டுல இல்லன்னா ஹாஸ்டல் கட்டில வேற பிள்ளைக்குக் குடுத்துருவாவ. நான் என்ன செய்ய?”

நான் வாய் திறக்கும் முன்னே அவள் நொண்டாமல் நடந்து வந்து ஒரு நோட்டையும் பேனாவையும் அவர் முன்னால் வைத்தாள்.

“எழுதித் தாங்க சார். டாக்டர் ஒன்பது மாசம் சொன்னாவ, நான் ஏழாம் மாசம் ஆடச் சொல்லுதேன்னு. கீழ கையெழுத்து.”

“என்னளா பேசுத? நான் உன் நல்லதுக்குச் சொல்லுதேன்.”

“நல்லதுன்னா கையெழுத்துப் போடலாம்லா சார்.”

செல்வி காப்பி கொண்டுவந்தாள். “குடிச்சிட்டு எழுதுங்க சார். அவசரமில்ல” என்றாள்.

காப்பியைக் குடித்தார். எழுதவில்லை. போய்விட்டார்.

ஹாஸ்டல் கட்டில் போனது. போய்க் கேட்டேன். விதி என்றார்கள். பிள்ளையின் முட்டி போனது எந்த விதியில் வருகிறது என்று கேட்டேன். அதன் பிறகு தினமும் பஸ்ஸில் போய் வந்தாள்.

ஒன்பதாம் மாதப் பரீட்சையில் தோற்றாள். ஒற்றைக் காலில் துள்ளினால் இடது கால் வலது கால் அளவுக்கு எட்டவில்லை. டாக்டர் தாட்சண்யம் பார்க்கவில்லை. பதினொன்றாம் மாதம் எட்டியது.

மறுபடி இறங்கிய ஆட்டத்துக்கு நானும் செல்வியும் போனோம். முதலில் இறங்கிய ஐந்து பேரில் அவள் இல்லை. கடைசிப் பத்து நிமிஷத்தில் மாற்று ஆளாக விட்டார்கள். வேகம் பாதிதான். முன்பு கூடையைப் பார்த்துத் துள்ளுவாள். இப்போது இறங்கப் போகிற தரையைப் பார்த்துவிட்டுத் துள்ளுகிறாள். இரண்டு காலும் சேர்ந்து ஊன்றுகின்றன. இரண்டு கூடை போட்டாள். ஆட்டம் சமநிலைக்கு வந்தது.

மூன்று நிமிஷம் மிச்சம் இருக்கும்போது அவளே கையைத் தூக்கினாள். என்னை மாற்றுங்கள் என்று. மாஸ்டர் பார்க்காத மாதிரி நின்றார். அவள் கையை இறக்கவில்லை. எங்களுக்குப் பின்னால் இருந்த பிள்ளைகள் கத்தினார்கள். “ஏளா, முடிச்சிட்டுப் போ.” மாற்றினார்கள். பெஞ்சில் வந்து காலை நீட்டி உட்கார்ந்தாள். ஆட்டம் தோற்றது.

வெளியே வந்ததும் செல்வி கேட்டாள். “என்னளா, வலிச்சுதா?”

“இல்லம்மா. கால் தளர்ந்துச்சு. இன்னைக்கு இவ்வளவுதான்.”

பஸ்ஸுக்கு நடந்தோம். அவள் நடைக்குத் தகுந்தபடி நானும் நடந்தேன். ஒரு பஸ் புறப்பட்டுப் போவது தெரிந்தது. மூன்று பேரும் ஓடவில்லை. அடுத்தது வரும்வரை நின்றோம்.